டேட்டாபேஸ் சர்வரில் திடீர் திடீரென்று லோடு ஏறுகிறது: கோர் கூட்டலாமா?

மார்ச் 4, 2024. வந்த கேள்வி

"பேருந்து டிக்கெட் முன்பதிவு செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். போஸ்ட்கிரெஸ் 13, உபுண்டு, 16 கோர், 64 ஜிபி ராம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, நேரம் காலம் இல்லாமல், லோடு ஐந்தாறிலிருந்து 300க்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் தானே இறங்கிவிடும். ரீஸ்டார்ட் செய்தாலும் இறங்கும். டாப் போட்டுப் பார்த்தால் எல்லாமே போஸ்ட்கிரெஸ் பிராசஸ்தான். பிரைமரி கீ வைத்து ஒரே ஒரு வரியை எடுக்கும் குவெரி 8 விநாடி எடுத்ததாக ஸ்லோ குவெரி பட்டியல் சொல்கிறது. சில சமயம் கனெக்‌ஷன் அளவு மீறிவிட்டது என்ற பிழையும் வருகிறது, 800 வைத்திருந்தும். போன மாதம் 8 கோரை 16 ஆக்கினோம், ஒரு மாற்றமும் இல்லை. 32 ஆக்கலாம் என்கிறார் மேலாளர். ஆக்கலாமா சார்?"

மார்ச் 4, இரவு

வேண்டாம். 8ஐ 16 ஆக்கியும் மாறவில்லை என்றால் பிரச்சினை கோரில் இல்லை. அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

ஸ்லோ குவெரி பட்டியலை இப்போதைக்கு மூடிவையுங்கள். பிரைமரி கீ குவெரிக்கு 8 விநாடி ஆகவே ஆகாது. அது கூட்டத்தில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்கு இண்டெக்ஸ் போடுவது, அதைத் திருத்தி எழுதுவது என்று இறங்கினால் ஒரு வாரம் போய்விடும்.

300 என்ற எண்ணை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. லினக்ஸில் லோடு என்பது மூன்று விஷயங்கள் கலந்த எண்: சிபியுவில் ஓடுபவை, ஓட முறை கேட்டு நிற்பவை, டிஸ்க்கிலிருந்து பதில் வராமல் உறைந்து நிற்பவை. இந்த மூன்றாவதை 1993இல்தான் கணக்கில் சேர்த்தார்கள். அதனால் சிபியு சும்மா இருக்கும்போதும் லோடு 300 வரலாம். விஎம்ஸ்டாட்டை (சர்வரின் நிலையை எண்ணாகக் காட்டும் கட்டளை) ஒரு விநாடி இடைவெளியில் ஓடவிட்டு முதல் இரண்டு பத்திகளைப் பாருங்கள். 'ஆர்' ஏறினால் சிபியுவுக்கு அடிதடி. 'பி' ஏறினால் டிஸ்க். மெய்நிகர் இயந்திரம் என்றால் கடைசியில் 'எஸ்டி' பத்தியையும் பாருங்கள். அங்கே எண் ஏறினால் உங்கள் சிபியு நேரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொள்கிறார் என்று அர்த்தம்.

என் முதல் சந்தேகம் செக்பாயிண்ட் மேல், அதாவது நினைவகத்தில் மாறியதையெல்லாம் அவ்வப்போது டிஸ்க்கில் எழுதிவைக்கும் வேலை மேல். 13ஆம் பதிப்பில் செக்பாயிண்ட் எழுத்து, இடைவெளியின் பாதி நேரத்துக்குள் முடியும்படி வைத்திருப்பார்கள். அதாவது 0.5. அடுத்த பதிப்பில்தான் 0.9 ஆக்கினார்கள். பெரிய ராம் உள்ள சர்வரில் அந்த அவசரம் டிஸ்க்கைப் போட்டு அழுத்தும்.

மார்ச் 5, காலை

நேற்று சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம். லோடு ஏறிய பிறகு உள்ளே போய்ப் பார்த்துப் பயனில்லை. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) உள்ளே விடவே ஒரு நிமிடம் ஆகும். விட்டாலும் டேட்டாபேஸ் புது கனெக்‌ஷன் தராது. கடைசியில் கர்சர் வரும்போது லோடு இறங்கிக்கொண்டிருக்கும். நான் பல இரவு இப்படிப் போய் நின்றிருக்கிறேன்.

அதனால் பதிவு முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சர்வரிலேயே ஒரு டீமக்ஸ் (நாம் வெளியேறினாலும் ஓடிக்கொண்டிருக்கும் டெர்மினல்) திறந்து, பிஎஸ்க்யூஎல்லில் (போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவி) நுழைந்து, யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் சும்மா இல்லாத வரிகளை ஒரு விநாடிக்கு ஒரு முறை வாட்ச் போட்டுக் கோப்பில் கொட்டுங்கள். நேரம், பிஐடி (பிராசஸ் எண்), நிலை, எதற்காகக் காத்திருக்கிறது, டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம், குவெரியின் முதல் நூறு எழுத்து, யார் தடுக்கிறார்கள். இது போதும். கனெக்‌ஷன் ஏற்கெனவே திறந்திருப்பதால் நெரிசலிலும் அறுபடாது. இன்னொரு ஜன்னலில் விஎம்ஸ்டாட், நேரத்தோடு.

யார் தடுக்கிறார்கள் என்று பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் சொல்லும். ஆனால் எல்லா வரிக்கும் அதைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல பூட்டு மேலாளரையே (ஒருவர் வேலை செய்யும் அட்டவணையில் மற்றவர் குறுக்கிடாமல் தடுக்கும் பூட்டுகளை நிர்வகிக்கும் பகுதி) ஒரு கணம் நிறுத்த வேண்டியிருக்கும். பூட்டுக்காகக் காத்திருக்கும் வரிகளுக்கு மட்டும் கேளுங்கள்.

(லாக் என்று எழுதினால் பூட்டா, பதிவுக் கோப்பா என்று குழப்பம் வருகிறது. இந்த இழை முழுக்கப் பூட்டு என்றே எழுதுகிறேன்.)

மார்ச் 5, மதியம்

"நேரம் காலம் இல்லாமல்" என்று அவர் எழுதியது மனதைவிட்டுப் போகவில்லை. நானும் அப்படி ஒன்றோடு கிட்டத்தட்ட ஒரு வருடம் இருந்திருக்கிறேன்.

பழைய வேலையில், சொந்தமாக வாங்கி வைத்த சர்வர். சுழலும் டிஸ்க், பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டு, கார்டில் ஒரு சின்ன பேட்டரி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சில மணி நேரம் எழுதும் வேலை மட்டும் தவழும். படிப்பது சாதாரணமாக இருக்கும். மறுநாள் சரியாகிவிடும். ஒவ்வொரு தடவையும் அந்த வாரம் யார் என்ன மாற்றினார்கள் என்று தேடுவோம். அந்த வாரத்தில் எப்போதும் யாராவது எதையாவது மாற்றியிருப்பார்கள். அதைப் பின்வாங்குவோம், சரியாகும், அதுதான் காரணம் என்று எழுதிவைப்போம். நான்காவது தடவைதான் கார்டின் சொந்தப் பதிவைப் படித்தேன். பேட்டரி தன்னையே சோதித்துக்கொள்ள முழுதாகக் காலியாகி மறுபடி ஏறுகிறது. அது முடியும்வரை கார்டு எழுதும் கேஷை நம்பாமல் அணைத்துவிடுகிறது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்கு மேல் எடுக்கும். கேஷ் இருக்கும்போது ஒரு மில்லி விநாடிகூட ஆகாத கமிட் (மாற்றத்தை உறுதியாக எழுதிவைப்பது), அது போனதும் ஒரு முழுச் சுற்றுக்காக நிற்க வேண்டியதாயிற்று.

அந்த மூன்று தடவையும் தப்பான காரணத்தை எழுதிவைத்தது இன்றும் எனக்கு உறுத்தல்தான். ஒரு அப்பாவிப் பையனின் மாற்றத்தைப் பின்வாங்கினோம். தானே இறங்கிவிடும் பிரச்சினையில் நீங்கள் எதைச் செய்தாலும் அது மருந்து போலத்தான் தெரியும். உங்கள் ரீஸ்டார்ட்டும் அப்படித்தான்.

மார்ச் 6

செக்பாயிண்ட் இல்லை. அவர் பதிவை அனுப்பினார். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, கடிகாரம் போல, லோடு ஏறிய நேரத்திலும் ஏறாத நேரத்திலும் ஒரே அளவு. விஎம்ஸ்டாட்டில் 'பி' பத்தி எப்போதும் 0 அல்லது 1. டிஸ்க்கை விட்டுவிடலாம். முதல் சந்தேகத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

மார்ச் 7

"நேற்று மதியம் வந்தது, மேலாளர் ரீஸ்டார்ட் போட்டுவிட்டார், பதிவு போய்விட்டது" என்கிறார். அடுத்த தடவை ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள். ரீஸ்டார்ட்டில் வரிசை கலையும், சாட்சியும் அதோடு போகும். எழுந்து வரும் சர்வரின் கேஷும் காலியாக இருக்கும்.

மார்ச் 9, மாலை

பதிவு வந்துவிட்டது. இன்று காலை நடந்தது. இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விநாடி விநாடியாகப் படித்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

அலர்ட் வந்தது 11:42க்கு. எல்லோரும் 11:42ஐப் பார்த்தார்கள். ஆனால் 11:40:00 வரை 'ஆர்' பத்தி 5, 6, 5, 4 என்று அமைதி. 11:40:01இல் அது 1 ஆகிறது. அப்புறம் 0. அப்புறம் 0, 1, 0. சிபியு 97 சதவீதம் சும்மா இருக்கிறது. இப்படி 41 விநாடி. முன்பதிவு நடக்கும் காலை வேளையில் டேட்டாபேஸ் வேலையே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. 11:40:42இல் 'ஆர்' 0லிருந்து 480க்குப் பாய்கிறது. லோடு கணக்கு நிதானமாக ஏறும் சராசரி. 480 என்று ஒரே மட்டத்தில் நின்றாலும் ஒரு நிமிடம் கழித்து அதில் 63 சதவீதத்தைத்தான் காட்டும், அதாவது 300. அவர் சொன்ன 300 இதுதான்.

ஆக, லோடு ஏறுவதற்கு முன் இறங்கியிருக்கிறது. அவர்களுடைய கிராஃபில் ஒரு புள்ளி ஐந்து நிமிடச் சராசரி. 41 விநாடிப் பள்ளம் அதில் தெரிய வழியே இல்லை.

அந்தப் பள்ளத்தில் என்ன நடந்தது? 11:38:50இலிருந்து ஓர் அறிக்கைக் குவெரி ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி வாரியாகக் காலி இருக்கை, கிளை அலுவலகத்தில் யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார். அது படிப்பது ஒரு மெட்டீரியலைஸ்டு வியூவை, அதாவது ஒரு குவெரியின் விடையை முன்கூட்டியே அட்டவணை போலச் சேமித்து வைத்ததை; அவ்வப்போது ரெஃப்ரெஷ் செய்துதான் அதைப் புதுப்பிக்க வேண்டும். பயணிகள் தேடும்போது படிப்பதும் அதே வியூதான். 11:40க்கு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே ஓடும் கிரான் வேலை அந்த வியூவை ரெஃப்ரெஷ் செய்ய வருகிறது. வெறும் ரெஃப்ரெஷ் என்றால் யாரும் படிக்கக்கூட முடியாத முழுப் பூட்டு வேண்டும். அறிக்கை படித்துக்கொண்டிருப்பதால் அந்தப் பூட்டு கிடைக்கவில்லை, வரிசையில் நிற்கிறது. அதற்குப் பின்னால் வரும் தேடல்கள் அறிக்கையோடு சேர்ந்து தாராளமாகப் படிக்கலாம்தான். ஆனால் வரிசையில் முன்னால் ரெஃப்ரெஷ் நிற்கிறதே, அதைத் தாண்டி அவற்றை விடமாட்டார்கள். 3 பேர், 60 பேர், 780 பேர். எல்லா வரியிலும் ஒரே காத்திருப்பு: பூட்டு, ரிலேஷன் (அட்டவணை அல்லது வியூ). பூட்டுக்குக் காத்திருப்பவர் தூங்குகிறார், அதனால் லோடில் வரமாட்டார். அதுதான் அந்த அமைதி.

மார்ச் 9, இரவு

ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேட் மூடியிருக்கும்போது அதைத் தாண்டிய சாலை காலி. திறந்ததும் இரண்டு பக்கமும் வலதும் இடதுமாக அடைத்து நின்ற வண்டிகள் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். ரயில் போய் கால் மணி நேரம் ஆகியும் நெரிசல் தீராது. அப்போது வந்து பார்ப்பவருக்குச் சாலை அகலம் போதவில்லை என்றுதான் தோன்றும்.

கணக்காகவும் பார்க்கலாம். 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி: உள்ளே இருப்பவர் எண்ணிக்கை, விநாடிக்கு வருபவர் எண்ணிக்கையை ஒவ்வொருவரும் தங்கும் நேரத்தால் பெருக்கியது. அவர்களுக்கு விநாடிக்குச் சுமார் 100 தேடல், ஒவ்வொன்றும் 0.05 விநாடி. பெருக்கினால் 5. 'ஆர்' பத்தியில் பார்த்த அதே 5. கேட் 41 விநாடி மூடினால் 4,100 தேடல் சேரும். கனெக்‌ஷன் 800தான் என்பதால் மிச்சம் வெளியே பிழையோடு திரும்பும்.

இவ்வளவு மட்டும் என்றால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அவர்களுடைய செயலி 30 விநாடி பொறுத்துவிட்டு மறுபடி அனுப்புகிறது, மூன்று தடவை வரை. பயணியும் தன் பங்குக்குத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார். செயலி கைவிட்ட குவெரியை டேட்டாபேஸ் கைவிடாது. ஆள் போனது தெரியாமல் கடைசிவரை ஓட்டி, பதிலை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் வாங்கிக்கொள்ள யாரும் இருக்கமாட்டார்கள். ஆள் இருக்கிறாரா என்று இடையிடையே பார்க்கும் வசதி 14ஆம் பதிப்பில்தான் வந்தது, அதையும் நாமே இயக்க வேண்டும்.

மார்ச் 10, காலை

இரண்டு விஷயம்.

ஒன்று, "நேரம் காலம் இல்லாமல்" என்பது தப்பு. பழைய அலர்ட்டுகளையும் கிரான் பதிவையும் ஒப்பிடச் சொன்னேன். பதினொன்றில் பதினொன்றும் பத்து நிமிட மடங்கில்தான் தொடங்கியிருக்கின்றன. அறிக்கை முடிய எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அந்த அளவு பள்ளம் நீளும், அலர்ட் தள்ளிப்போகும். ஒரு நாள் 42, ஒரு நாள் 54, ஒரு நாள் 33. கிரான் மட்டும் வந்தால் ஒன்றும் ஆகாது, அறிக்கை மட்டும் ஓடினாலும் ஆகாது. இரண்டும் ஒன்றாக வந்து நின்றால்தான். கிளையில் பொத்தானை அழுத்துபவருக்குக் கிரானைப் பற்றி என்ன தெரியும்?

இரண்டு, நான் சுற்று வழியில் கூட்டிப்போயிருக்கிறேன். லாக்_லாக்_வெயிட்ஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. 13இல் இயல்பாக அணைந்திருக்கும். இயக்கிவிட்டால் ஒரு விநாடிக்கு மேல் பூட்டுக்கு நிற்பவரையும், பூட்டை வைத்திருப்பவரையும் போஸ்ட்கிரெஸ் தானே பதிவில் எழுதும். ரீஸ்டார்ட்டும் வேண்டாம். மார்ச் 4 இரவே இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். யாராவது பின்னால் இந்த இழைக்கு வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். விநாடிப் பதிவு அடுத்தது.

மார்ச் 11

செய்தது: ரெஃப்ரெஷில் கன்கரண்ட்லி சேர்த்தார்கள். 9.4இலிருந்து இருக்கும் வசதி. படிப்பவரைத் தடுக்காது. வியூவில் ஒரு யுனிக் இண்டெக்ஸ் இருந்தால்தான் ஏற்கும், அதைப் போட வேண்டியிருந்தது. விலையும் உண்டு. முன்பு 2 விநாடியில் முடிந்தது இப்போது 9 விநாடி. மாறிய வரிகளின் பழைய பிரதிகள் செத்த வரிகளாகச் சேரும், அவற்றைப் பெருக்கும் ஆட்டோவேக்கம் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதோடு கிரான் வேலைக்கு மட்டும் லாக்_டைம்அவுட் 2 விநாடி. பூட்டு கிடைக்கவில்லையா, விலகிப் போ, பத்து நிமிடம் கழித்து வா. இதை நான் எல்லா ஆல்டர் டேபிளுக்கும் (அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளை) வைப்பேன். ஒரு பத்தி சேர்ப்பது மில்லி விநாடி வேலைதான், அது வரிசையில் நிற்கும் நேரம்தான் ஊரை நிறுத்தும்.

அறிக்கைப் பயனருக்கு ஸ்டேட்மெண்ட்_டைம்அவுட் (ஒரு குவெரி ஓடக்கூடிய உச்ச நேரம்) 60 விநாடி வைக்கச் சொன்னேன். கிளைகளில் சத்தம் வந்ததாம். அறிக்கையே முக்கால் நிமிடத்தில் முடியும்படி இரண்டு பயனில்லாத ஜாயினை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 14

800 கனெக்‌ஷன் பற்றி. ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு முழு பிராசஸ். 16 கோரில் 480 பேர் முட்டினால் வேலையைவிட ஒருவரை இறக்கி இன்னொருவரை ஏற்றுவதே பெரிய வேலையாகிவிடும். 13ஆம் பதிப்பு கனெக்‌ஷன் கூடக் கூட ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தில் எவை எல்லாம் முடிந்தன என்ற படம்) எடுக்கத் திணறும், 14இல்தான் அதைச் சரிசெய்தார்கள். முன்னால் பிஜிபவுன்சர் (சில கனெக்‌ஷன்களைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் மென்பொருள்) வைத்து உள்ளே 40 பேரை மட்டும் விடுங்கள். கோரின் இரண்டு மடங்கு, மேலே கொஞ்சம் என்பது பழைய கணக்கு, இங்கே சரியாகவே வருகிறது.

டிரான்சாக்‌ஷன் முறையில் (ஒருவரின் டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் கனெக்‌ஷனை அடுத்தவருக்குத் தருவது) வைப்பதானால் 1.21க்குக் குறைந்த பவுன்சர் வேண்டாம். பிரிபேர்டு ஸ்டேட்மெண்ட் (முன்கூட்டியே தயாரித்து வைத்த குவெரி) அதில்தான் வேலை செய்யத் தொடங்கியது.

மார்ச் 15

நேற்று எழுதியதில் ஓட்டை. 40 பேர்தான் என்று வைத்து, அந்த 40 பேரும் ஒரே பூட்டுக்கு நின்றுவிட்டால்? அப்போது பணம் கட்டும் குவெரிகூட உள்ளே போகாது. 800 இருந்தபோது மற்ற வேலையாவது கொஞ்ச நேரம் நடந்தது. ஆகவே தேடலுக்கு 25, பணம் கட்டுவதற்கும் டிக்கெட் பதிவதற்கும் 15 என்று இரண்டு குளமாகப் பிரியுங்கள். தேடல் நின்றால் பயணி திரும்ப வருவார். பணம் கட்டிவிட்டு டிக்கெட் வராமல் நிற்பவரின் நிலைமை வேறு.

மார்ச் 21

தனிச்செய்தியில் ஒருவர், "எல்லா திடீர் லோடுக்கும் பூட்டுதானா?" என்று கேட்டார். இல்லவே இல்லை. 2012 ஜூலை 1, ஞாயிறு, இந்திய நேரம் காலை ஐந்தரைக்கு உலகக் கடிகாரத்தில் ஒரு லீப் விநாடி சேர்த்தார்கள். லினக்ஸ் கெர்னலில் இருந்த பிழையால் ஜாவாவும் மைஎஸ்க்யூஎல்லும் ஓடிய ஏராளமான சர்வர்களில் சிபியு உச்சிக்குப் போனது. தேதியை அதே தேதியாக மறுபடி அமைத்தால் இறங்கியது. எந்த ஸ்லோ குவெரி பட்டியலும் அதைச் சொல்லியிருக்காது.

2021இல் கிட்லேப் நிறுவனம் வெளியிட்ட அனுபவமும் படிக்க வேண்டியது. ரெப்ளிகாக்கள் (பிரைமரி எனும் முதன்மை சர்வரின் நகல்கள்) மட்டும் அவ்வப்போது உறைந்தன. சேவ்பாயிண்டுகளால் (நடுவில் பிழை வந்தால் திரும்பிப் போக வைக்கும் குறிகள்) வரும் துணை டிரான்சாக்‌ஷன்கள், பிரைமரியில் ஒரு நீண்ட டிரான்சாக்‌ஷன், இரண்டும் சேர்ந்தபோதுதான் வந்தது. தனித்தனியே இரண்டும் சாது. இங்கே கிரானும் அறிக்கையும் மாதிரியேதான். அதனால் இப்போது எந்தப் பதிவைப் படித்தாலும் நான் "எது காரணம்" என்று கேட்பதில்லை, "எந்த இரண்டு" என்று தேடுகிறேன்.

ஏப்ரல் 20

நேற்று தேர்தல். அதற்கு முந்தைய நாட்களில் ஊருக்குப் போகும் கூட்டம். அவர் எழுதியிருக்கிறார்: "தேடல் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. லோடு அதிகபட்சம் 14. அலர்ட் வரவில்லை. 32 கோர் பேச்சு நின்றுவிட்டது." படித்ததும் அவ்வளவு நிம்மதி. மார்ச் 9 மாலையிலிருந்து இந்த வாரத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

லாக்_டைம்அவுட்டில் விலகிப்போன ரெஃப்ரெஷ் எத்தனை என்று கேட்டேன். 0. கன்கரண்ட்லி வந்த பிறகு அதற்கு வேலையே வரவில்லை. இருந்தாலும் எடுக்க வேண்டாம்.

நவம்பர் 3

தீபாவளிக் கூட்டத்தையும் தாண்டியாயிற்று. ஒரு தடவை மட்டும் ஏறியது, 29ஆம் தேதி, லோடு 40, அரை நிமிடம். பூட்டு இல்லை, பள்ளமும் இல்லை, 'ஆர்' நேராக ஏறியிருக்கிறது. பதிவில் வியூவைப் படிக்கும் ஒரே தேடல் குவெரிதான், ஆனால் அதை ஓட்ட போஸ்ட்கிரெஸ் தேர்ந்தெடுக்கும் திட்டம் மாறியிருக்கிறது. கன்கரண்ட்லியின் செத்த வரிகள் என்று மார்ச் 11இல் சொன்னேனே, அதுதான். கூட்ட நாளில் ரெஃப்ரெஷை இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக்கியிருக்கிறார்கள், வேக்கம் பின்தங்கி, புள்ளிவிவரமும் பழசாகிவிட்டது. அந்த வியூவுக்கு மட்டும் ஆட்டோவேக்கம், அனலைஸ் (புள்ளிவிவரத்தைப் புதுப்பிப்பது) இரண்டின் வரம்பையும் 20, 10 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு இறக்கச் சொல்லியிருக்கிறேன்.

விநாடிப் பதிவு இன்னும் ஓடுகிறது, நல்லது. ஆனால் எட்டு மாதக் கோப்புகள் அப்படியே கிடக்கின்றன, டிஸ்க்கில் 11 சதவீதம்தான் மிச்சம். பதினான்கு நாளுக்கு மேல் பழையதை அழிக்கும் வரி ஒன்றை இன்றே கிரானில் சேர்த்துவிடுங்கள். பத்தின் மடங்கில் வைக்காதீர்கள், 3:17 மாதிரி ஏதாவது வையுங்கள்.